ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில் நின்ற பேச்சு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, சாலை பஜாரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பால் பொங்கினாலும் கத்துவேன், பொங்குவதற்குள் கேஸ் தீர்ந்தாலும் கத்துவேன். ஆனால் என் கத்தலுக்கு ஒரு வால் உண்டு. ஐந்து நிமிஷம் ஆடித் தீர்த்ததும் குரல் தானாக இறங்கிவிடும். "சரி போட்டும், வாங்க சாப்பிட" என்றோ, "விடுங்க, நானே பாத்துக்கிடுதேன்" என்றோ முடிப்பேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, அந்த வால் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. வால் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து கை கழுவப் போவார்.

போன வருஷம் அவருக்குக் காது போயிற்று. ஒரு காய்ச்சல், பத்து நாள் படுக்கை. பதினோராவது நாள் எழுந்து உட்கார்ந்தவர் மேலே பார்த்து, "ஃபேன் சுத்துது, சத்தத்தக் காணோமே?" என்றார். அந்த ஃபேன் கடகடவென்று அடிக்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே புகார் சொல்லியிருக்கிறார்கள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நரம்பு போய்விட்டது, காது மெஷின் வைத்தாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும், ஆபரேஷனைப் பற்றி ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அவர் நாகர்கோவில்காரர். சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சட்டைத் துணிப் பகுதி அவர் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு துணியை விரலில் உரசியே எவ்வளவு கலப்பு என்று சொல்லிவிடுவார். காது போனபின்பும் இரண்டு வாரம் கடைக்குப் போனார். ஒருநாள் ஒரு அம்மா ஒன்றரை மீட்டர் கேட்க, இவர் இரண்டரை கிழித்துவிட்டார். முதலாளி வேலையை விடச் சொல்லவில்லை. இவரே மறுநாள் முதல் வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் என்ன செய்வது? நான் பேசினால் என் உதட்டையே பார்ப்பார். நான் பேசும் வேகத்துக்கு எந்த உதட்டை யார் படிக்க முடியும்! ஃபோனில் தமிழில் டைப் அடித்துக் காட்டினேன். கோபத்தை டைப் அடிக்க முடியுமா, சொல்லுங்கள். ரெண்டு வரி தட்டி முடிப்பதற்குள் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே மறந்துபோகும். வீடு அமைதியாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள், "பேசறத எழுத்தாக்கிக் காட்ற ஆப்பெல்லாம் எவ்வளவோ இருக்கும்மா, ஒண்ண எறக்கிக்கோ" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருஷமாக ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து சி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரோடு நான் பேசுவதற்கு இன்னொருத்தன் எழுதினது எதற்கு?

ஒரு சனி ஞாயிறில் செய்து முடித்தேன். என் கழுத்துப் பக்கம், என் குரலை மட்டும் பிடிக்கும் ஒரு குட்டி மைக். இடுப்புப் பையில், வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு ஃபோன். நான் பேசுவதை ஃபோன் எழுத்தாக்கி, வீட்டு வைஃபை வழியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்கு அனுப்பும். போர்டில் ஓடும் என் புரோகிராம் அதை வாங்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்த பழைய மானிட்டரில் பெரிய பெரிய எழுத்தாகக் காட்டும். மானிட்டர் அவர் நாற்காலியைப் பார்த்திருந்தது. அடுப்படியில் நிற்கும் எனக்கு அதன் முதுகுதான் தெரியும்.

அந்தப் புரோகிராமில் வாங்குகிற இடம் மொத்தம் ஏழெட்டு வரிதான். சி-யில் எதைத் திறந்தாலும், கோப்போ, கீபோர்டோ, வைஃபையில் வரும் இணைப்போ, கையில் ஒரு எண்ணைக் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்து ரீட் என்று கேட்க வேண்டும்: இந்த எண்ணிலிருந்து, இந்தப் பெட்டிக்குள், இத்தனை பைட் போடு. பைட் என்பது கம்ப்யூட்டர் எழுத்தை அளக்கும் குட்டிப் படி. ரீட் போட்டுவிட்டு, எத்தனை போட்டேன் என்று திருப்பிச் சொல்லும். பூஜ்யம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. மைனஸ் ஒன்று என்றால் ஏதோ தகராறு. இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். ஐந்நூறு கேட்டால் ஐந்நூறும் வந்துவிடும் என்று நம்பிவிடுவார்கள். வராது. ரீட் கேட்டதைவிடக் குறைவாகக் கொடுக்கும், அதற்கு அந்த உரிமை உண்டு. பெட்டி நிறையும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். என் ஆபீஸில் வேலையே டிஸ்க்கில் எழுதுவதும் படிப்பதும்தான்; அங்கே இதை மறந்தவர்கள் என்னிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆகவே வீட்டுப் புரோகிராமிலும் கை தானாக அதையே எழுதியது: ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் பெட்டி, நிறையும்வரை கேட்டுக்கொண்டே இரு, நிறைந்ததும் திரையில் காட்டு. ஆபீஸ் மெஷினில் ஒரு நீளமான கோப்பைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை அச்சு அசலாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, பஸ்ஸில் என் காலை மிதித்த ஆளில் ஆரம்பித்து ஆபீஸ் கேன்டீன் சாம்பார்வரை பேசித் தள்ளினேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"எம்மா, இம்புட்டா பேசுவ நீ? எழுத்துல பாத்தால்லா தெரியுது!" என்றார்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்குத் தெரியாது, அழுகையை அந்த ஃபோன் எழுத்தாக்குவதில்லை.

அந்த நல்ல காலம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. "காப்பி வேணுமா?" என்று கேட்பேன், பதில் வராது. இன்னொரு தரம் கேட்பேன், பதில் வராது. திரும்பி டம்ளரைத் தூக்கிக் காட்டினால் தலையாட்டுவார். படித்துவிட்டுப் பதில் சொல்ல மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனுஷனுக்கு என்ன இத்தனை கெத்து, நான் ராத்திரி பகலாக இதற்கு உழைத்தது என்ன ஆயிற்று என்று எனக்குள் ஏறும். ஏறினால் விடுவேனா? ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது, மருந்தை மறந்தது, கடைக்கு ஒரு எட்டு போய்வாருங்கள் என்றால் போகாதது, எல்லாவற்றையும் எடுத்து வீசுவேன். கடைசியில் வழக்கம்போல இறங்கி, "சரி போட்டும், வாங்க சாப்பிட" என்பேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் சுருங்கி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை கழுவப் போகமாட்டார். நான் தட்டை வைத்துத் தோளைத் தொட்டால்தான் திரும்புவார்.

ஒருமுறை அவர் கேட்டார்: "கடைசில ஒரு கறுப்புக் கட்டம் வருதே, அது என்னது?"

"அது எழுத்துருக் கோளாறு, சாரமில்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டு நான் மாவைக் கலக்கினேன். அவர் பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

நாகர்கோவிலிலிருந்து அவர் அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார். வீடு பெரியது, தோட்டம் இருக்கிறது, தம்பி அங்கே வந்து இருக்கட்டும், உனக்கும் ஆபீஸ் போய் வரச் சௌகரியம் என்றார். நான் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். பின்னே தெரிந்தது, அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பி வரட்டுமா என்று கேட்டதே இவர்தான்.

அன்று சாயங்காலம் நான் ஆடியதுபோல என் வாழ்நாளில் ஆடியதில்லை. இருபத்திரண்டு வருஷம் பொங்கிப் போட்டவள் யார், ஆஸ்பத்திரியில் பத்து நாள் பெஞ்சில் படுத்தவள் யார், அண்ணனா என்று கேட்டேன். அண்ணன் வீடுதான் சுகம் என்றால் அங்கேயே போய் இருந்துகொள்ளுங்கள், எனக்கென்ன என்று கேட்டேன். மூச்சு வாங்கியது. அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன், துடைத்துத் துடைத்து ஒரே இடத்தைத் துடைத்தேன், குரல் இறங்கியது. "சும்மா கோவத்துல சொல்லுதேன். நீங்க போயிட்டா நான் யாருகிட்ட கத்துவேன்? போகாதீங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வருவது எனக்கே புதிது. துடைத்த துணியைப் பிழிந்து போட்டுவிட்டுத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. அறைக்குள் அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார், கடையில் மடிப்பதுபோலவே, கை தட்டி, ஓரம் பார்த்து.

போகாதே என்று கெஞ்சியதைப் படித்துவிட்டும் சட்டை மடிக்கிற மனுஷனோடு என்ன பேச? நான் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

காலையில் பை வாசலருகே இருந்தது. தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறவேண்டும். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் மைக்கையும் மாட்டிக்கொண்டு, அடுப்படி வாசலில் சும்மா நின்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, காது கேளாதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில், மெதுவாகச் சொன்னார்.

"கோவப்படாத. ஒண்ணு சொல்லுதேன். நீ திட்டுனா எனக்கு என்னைக்காவது வருத்தம் உண்டா? முன்னல்லாம் நீ திட்டிட்டு, கடைசில நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லுவ. இப்பம் தலைகீழா ஆயிட்டு. மொதல்ல 'சரி போட்டும், வாங்க சாப்பிட'ங்க. அப்புறமா திட்டுத. திட்டுலயே முடிச்சிருத. எனக்குப் புரியுதுட்டீ. காது கேக்காத ஆள வச்சுக்கிட்டு நீ எத்தனை நாள் பாப்ப?"

"தலைகீழாவா?" என்றேன். திட்டிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுவேனே தவிர, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு எவள் திட்டுவாள்?

நேரே மேஜைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மானிட்டர் வைத்த நாள் முதல் அதில் நான் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றுச் சாயங்காலப் பேச்சு திரையில் அப்படியே நின்றது. கடைசி வரி: "அண்ணன் வீடுதான் சுகம்னா அங்கயே போயி இருந்துக்கிடுங்க எனக்கென்ன". அதற்கப்புறம் 'ச' என்று ஒரே எழுத்து, ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். அவ்வளவுதான். போகாதீங்க எங்கே?

"சொன்னேனே, நேத்தே சொன்னேனே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். கழுத்தில் மைக் இருந்தது, இடுப்பில் ஃபோன் இருந்தது. திரை அசையவில்லை.

 அடிப்பாவி, இருபது வருஷம் என்ன புடுங்கினாய் என்று மனசுக்குள் என்னையே கேட்டுக்கொண்டேன். தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட் வேண்டும். எழுத்தின் நடுவில் வெட்டினால் திரைக்கு அதை வரையத் தெரியாது, கறுப்புக் கட்டம் போட்டுவிடும். அந்தக் கட்டம் பேச்சு முடிந்த அடையாளம் அல்ல. பேச்சு பாதியில் அறுபட்ட அடையாளம். ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது பைட்டில் அறுபட்டது. மீதி அடுத்த பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி இன்னும் நிறையவில்லை, என் புரோகிராம் நிறையட்டும் நிறையட்டும் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. ஆபீஸில் சோதித்தபோது கொடுத்தது கோப்பு. கோப்புக்கு முடிவு உண்டு. ரீட் பூஜ்யம் சொல்லும், இருக்கிற மிச்சத்தைக் காட்டிவிடும். என் வீட்டு இணைப்புக்கு முடிவே கிடையாது. ஆகவே நீளமான திட்டெல்லாம் பெட்டியை நிறைத்து அவரிடம் போய்ச் சேர்ந்தது. வாலில் சொன்ன நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கி, அடுத்த திட்டு வந்து தள்ளும்போதுதான், அதன் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. காப்பி வேணுமா என்று கேட்டதெல்லாம் அப்படித்தான் கிடந்திருக்கிறது. அவர் ஒருநாளும் கெத்துக் காட்டவில்லை. அவருக்கு வரவேயில்லை.

அவர் பையைத் தூக்கிவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார்த்தினேன். "பஸ்ஸு போயிரும்" என்றார். திரையைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்த ஃபோன் இணைப்பை விடாமல் பிடித்திருந்தது; உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கும். லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். வெளியே வரவேண்டுமென்றால் பெட்டியை நிறைக்க வேண்டும். ஏதாவது பேசவேண்டும். என்னத்தைப் பேச? ஒன்று இரண்டு எண்ணலாம் என்றால் அந்த ஃபோன் அதை எண்ணாக எழுதிவிடும், எண்ணுக்கு ஒரு பைட்தான், மத்தியானம் ஆகிவிடும். வாழ்க்கையிலேயே முதல்முறையாக எனக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. வாயில் வந்தது தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழிதான்.

"கழக்கூட்டம்" என்றேன். "காரியவட்டம். ஸ்ரீகாரியம். உள்ளூர்."

அவர் என் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"கேசவதாசபுரம். பட்டம். பாளையம். தம்பானூர்."

திரை ஒருமுறை வெளுத்து மறுபடி நிறைந்தது. இந்தத் தடவை நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

முதலில் ஒரு கறுப்புக் கட்டம், பிறகு "ம்மா கோவத்துல சொல்லுதேன் நீங்க போயிட்டா நான் யாருகிட்ட கத்துவேன் போகாதீங்க தலைகீழாவா சொன்னேனே நேத்தே சொன்னேனே கழக்கூட்டம் காரியவட்டம் ஸ்ரீகாரியம் உள்ளூர் கேசவதாசபுரம் பட்டம் பாளையம்". பிறகு ஒரே ஒரு எழுத்து, ஒரு கறுப்புக் கட்டம். தம்பானூர் வந்து சேரவில்லை.

அவர் விரலைத் திரையில் வைத்து, துணி பார்ப்பதுபோல, முதல் வரியை மட்டும் மூன்று தரம் தடவினார். கண் நிறைந்துவிட்டது.

"இது எப்பம் சொன்ன?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் உள்ளேதான் போய்க் கிடக்கும். லேப்டாப்பை எடுத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பெட்டி நிறையும்வரை கேட்கும் அந்தச் சுற்றை அழித்தேன். வந்தது எவ்வளவோ அவ்வளவையும் உடனே காட்டு, எழுத்து பாதியாக வந்தால் மட்டும் மீதி வரும்வரை அந்த ஒரு எழுத்தைப் பிடித்து வை என்று எழுதினேன். இருபது நிமிஷம் ஆனது. நாகர்கோவில் பஸ் போயிருக்கும். அவர் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளினார்.

மறுபடி ஓடவிட்டு, அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"நேத்துச் சாயங்காலம். நீங்க சட்டை மடிக்கும்போது."

சொல்லி முடித்த நொடியில் திரையில் வந்து நின்றது. கறுப்புக் கட்டம் இல்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது உள்ள கெடக்கா?"

"கெடக்கு" என்றேன். அந்த ஒற்றை வார்த்தை தனியாக, பெரிதாக, உடனே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  ராத்திரி முழுக்கப் பட்டினி, ரெண்டு பேருமே.

"சரி போட்டும். வாங்க சாப்பிட."

படித்தார். எழுந்து கை கழுவப் போனார்.